மூட்டையைக் குத்திப் பார்க்கும் நாம், வண்டியைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கலாமா?



துவரம் பருப்பு மூட்டை ஒன்று கடை வாசலில் வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசியைச் செருகி நடுமூட்டையிலிருந்து ஒரு பிடி எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி, வண்டு உண்டா, ஈரம் உண்டா, கல் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகுதான் எடை போடச் சொல்கிறோம். மேல்மூட்டை நன்றாக இருக்கிறதே என்று பத்து மூட்டையையும் அப்படியே இறக்கிக் கொள்ளும் வியாபாரி அதிக நாள் கடை நடத்த முடியாது.

ஆனால் அதே வியாபாரி, அறுபதாயிரமோ லட்சமோ கொடுத்துப் பழைய வண்டி ஒன்றை வாங்கும்போது என்ன செய்கிறார்? பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார். டயரைக் காலால் தட்டுகிறார். ஒரு முறை சாவியைத் திருப்பி, என்ஜின் பிடித்துக் கொண்டால் தலையை ஆட்டுகிறார். “பிக்கப் ஏத்தி வெச்சிருக்குங்க, மலை ஏறினா பறக்கும்” என்று விற்பவர் சொன்னால் நம்பி முன்பணம் கொடுத்து விடுகிறார். இந்த வியாபாரியை நாங்கள் எங்கோ தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 2009-ஆம் ஆண்டில் எங்கள் கடைக் கண்ணாடியிலேயே அவரைப் பார்த்தோம்.

ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு வண்டி என்பது தராசைப் போல ஒரு தொழில் கருவி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டு வந்த காலம் தொட்டு, காபியும் மிளகும் கீழே இறங்குகின்றன. அரிசியும் பருப்பும் எண்ணெயும் மேலே ஏறுகின்றன. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் சரக்கு எடுத்து, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தால்தான் எங்கள் கடையில் அலமாரி நிறையும். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று உள்ளே போகும் ஊர்களின் சில்லறைக் கடைகளுக்கு அதற்கும் மேல் ஒரு நடை இருக்கிறது. மே மாதக் கோடை விழா நேரத்தில் ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு வார லாபம் போயிற்று என்று எழுதிக் கொள்ளலாம்.

எங்கள் கதை

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து அந்த ஆண்டு ஒரு பழைய மாருதி ஆம்னி வாங்கினோம். விலை ரூ. 62,000. பழைய கார்புரேட்டர் வண்டி. முன் வைத்திருந்தவர் அதில் எரிவாயு கிட் போட்டிருந்தார். ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்துவிட்டு வேறு ஏதோ மாட்டியிருந்தார். சைலன்சரும் கம்பெனி சைலன்சர் அல்ல. பெட்ரோலிலும் ஓடும், எரிவாயுவிலும் ஓடும், செலவு பாதிதான் என்றார். நாங்களும் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு எட்டு மூட்டை ஏற்றினோம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் அப்படிச் சரக்கு ஏற்றுவதே தவறு என்பது எங்களுக்குப் பின்னால்தான் உறைத்தது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

சேலத்துச் சமவெளியில் வண்டி நன்றாகவே ஓடியது. அடிவாரம் தாண்டி ஆறேழு வளைவு ஏறியதும் இழுவை குறைந்தது. பெட்ரோலில் கரும்புகை தள்ளியது. எரிவாயுவுக்கு மாற்றினால் ‘டப், டப்’ என்று உள்ளேயே வெடித்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கத் திணறியது.

முதல் மெக்கானிக் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகினார், ரூ. 450. ஒரு வாரம் சுமாராக ஓடியது. இரண்டாமவர் ஜெட் மாற்றி, கார்புரேட்டர் கிட் போட்டார், ரூ. 1,250. மூன்றாமவர் பிளக், பிளக் வயர், காயில் எல்லாம் புதிதாக மாற்றினார், ரூ. 2,300. வண்டி அப்படியே இருந்தது. நான்காமவர் கேட்ட மாத்திரத்தில், “என்ஜின் போச்சுங்க, இறக்கிப் போர் வேலை பார்க்கணும்” என்று சொல்லி ரூ. 16,000 கேட்டார். இதற்கிடையில் ஏழு நடைக்கு வாடகை டெம்போ வைத்ததில் ரூ. 4,900. பழுது பார்த்த செலவு 4,000, வாடகை 4,900, ஆக ரூ. 8,900 பேரேட்டில் பற்று ஏறிவிட்டது. குறை மட்டும் தீரவில்லை.

ஒரு நாள் மாலை, மூடுபனியில், 14-ஆவது வளைவில் சுமையோடு என்ஜின் நின்று விட்டது. வண்டி பின்னோக்கி உருண்டது. தம்பி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கைப் பார்த்து நிறுத்தினார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நாங்கள் இருவரும் இருந்திருப்போமா என்பது சந்தேகம். அன்று இரவு கடையை அடைத்துவிட்டு நாங்கள் பேசிக் கொண்டது பணத்தைப் பற்றி அல்ல.

கணக்குப் பார்த்த பெரியவர்

எஸ்டேட் ஜீப்புகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. முதலில் கேட்ட கேள்வி: “தம்பி, இதுவரைக்கும் எத்தனை பேர் கை வெச்சாங்க? யார் யார் எதை எதை மாத்தினாங்க? சீட்டு இருக்கா?”

எங்களிடம் ஒரு சீட்டும் இல்லை. ஒரு ரூபாய் உப்புப் பொட்டலத்துக்குக் கணக்கு வைத்திருக்கும் எங்களிடம், நான்காயிரம் ரூபாய் வேலைக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வெட்கமாக இருந்தது.

“அப்படின்னா மொதல்ல இருந்து வரணும். ஒண்ணை மாத்தி, ஓட்டிப் பார்த்து, எழுதிட்டுத்தான் அடுத்ததுல கை வைக்கணும்” என்றார். முன்சீட்டைத் தூக்கி, என்ஜின் மேல் பழைய நோட்டு ஒன்றை விரித்து வைத்துக் கொண்டார்.

முதலில் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்தார். 11, 11, ஏழரை கிலோ. மலை மேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேஜில் எண் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தார். எண் ஏறவில்லை. “ரிங்கு தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் ஏறியிருக்கும். இது வால்வுல போகுது” என்றார். டேப்பெட் இடைவெளி பார்த்தால், அந்தச் சிலிண்டரில் இடைவெளியே இல்லை. எரிவாயுவில் ஓடும் என்ஜினில் வால்வு சீட் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு உள்ளே போகும், டேப்பெட் இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். சூடேறச் சூடேற, சுமை கூடக் கூட, குறை பெரிதாகும். இடைவெளியைச் சரி செய்ததும் ஏழரை என்பது பத்தரை ஆயிற்று. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு எரிந்தே போயிருக்கும். இப்போதைக்குத் தப்பித்தோம், இனி அடிக்கடி இடைவெளி பார்க்க வேண்டும் என்று எச்சரித்தார்.

அடுத்து, டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாய் கழன்று தொங்கியது. கிட் போட்டபோதே யாரோ கழற்றி விட்டிருக்கிறார்கள். மூன்றாவது, எரிவாயு மிக்சர் உட்காரும் இடத்தில் கேஸ்கெட் கிழிந்து, அங்கே காற்று உள்ளே போய்க் கொண்டிருந்தது. எரிவாயுவில் வெடித்ததற்கு இந்த இரண்டும் காரணம். கடைசியாகத்தான் கார்புரேட்டருக்கு வந்தார். இரண்டாமவர் இழுவைக்காகப் பெரிய ஜெட் போட்டிருந்தார். கம்பெனி அளவு ஜெட்டை மாட்டியதும் கரும்புகை நின்றது.

மொத்தச் செலவு ரூ. 1,150. என்ஜின் இறக்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு குறைகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றன. வந்த ஒவ்வொருவரும் மேலே தெரிந்ததைத் திருகி, கீழே இருந்ததை மூடிவிட்டுப் போனார்கள். பேரேட்டில் பிழை இருக்கும்போது ஐந்தொகையில் ஒரு எண்ணைத் திருத்திச் சமப்படுத்துவது போன்ற வேலை இது. கணக்குப்பிள்ளை அப்படிச் செய்தால் விடுவோமா?

மலை என்ன செய்கிறது?

“சேலத்துல நல்லா ஓடுது, மலை ஏறினாத்தான் தகராறு, மலைக்கு இந்த வண்டி ஆகாது” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இது பாதி உண்மை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்று நூற்றுக்குச் சுமார் 12 பங்கு லேசாகிறது. என்ஜின் பெட்ரோலை மட்டும் குடித்து ஓடுவதில்லை, காற்றையும் சேர்த்துத்தான் எரிக்கிறது. காற்று 12 பங்கு குறைந்தால் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 796 சி.சி. உள்ள சிறிய என்ஜினுக்கு இது பெரிய இழப்பு. இதைத் தவிர்க்க முடியாது.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொன்றும் நடக்கிறது. காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. ஆகவே மேலே போகப் போகக் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடுகிறது. சரியாக டியூன் செய்த வண்டியில் இது கொஞ்சம்தான் தெரியும். ஏற்கெனவே பெரிய ஜெட் போட்ட வண்டியில் கரும்புகையாகத் தெரியும். பிளக்கில் கரி பிடிக்கும். ஆக, மலை புதிதாகக் குறை எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கிற குறையை எடுத்துக் காட்டுகிறது.

சிலர் ஏற்காட்டிலேயே டியூன் செய்து, மேலே நன்றாக ஓடும்படி பெட்ரோலைக் குறைத்து வைத்துக் கொள்கிறார்கள். அதே வண்டி சேலம் இறங்கியதும் பெட்ரோல் பற்றாமல் சூடேறி, வால்வையும் பிஸ்டனையும் கெடுக்கும். மேலும் கீழும் போய் வருகிற நமக்குக் கம்பெனி சொன்ன அளவே நல்லது. மேலே கொஞ்சம் இழுவை குறையட்டும். இரண்டு மூட்டை குறைத்து ஏற்றுவோம்.

இப்போது வரும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. உயரத்துக்குத் தக்கபடி அதுவே பெட்ரோலைக் குறைத்துக் கொள்ளும். ஆனால் அங்கேயும் ‘மாற்றம்’ புகுந்து விட்டது. கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி எழுதி, பவர் ஏற்றியதாகச் சொல்லி விற்கிறார்கள். சென்சாரை ஏமாற்றப் பெட்டி மாட்டுகிறார்கள். டீசல் வண்டியானால் பம்ப் சீலை உடைத்து டீசலைக் கூட்டுகிறார்கள். ஸ்குரூவுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாங்கிய பிறகு திணறப் போவது அதே நாம்தான்.

எதை முதலில் பார்ப்பது?

நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சரக்கு வாங்கத் தெரிந்தவன் விவசாயி ஆக வேண்டுமா? ஆனால் எந்த வரிசையில் கேட்பது என்று தெரிந்திருந்தால் நம்மை யாரும் அலைக்கழிக்க முடியாது. பெரியவர் நோட்டில் எழுதிக் கொடுத்த வரிசை இது.

ஒன்று: டேப்பெட் இடைவெளி, கம்ப்ரஷன். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைத் தீர்க்காமல் மேலே போகக் கூடாது.

இரண்டு: பொறி. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு போல் வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் எரிகிறது. ஒரு சிலிண்டர் பிளக் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் குறை அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. கார்புரேட்டரைத் திட்டிப் பயனில்லை. பிறகு பாயின்ட் இடைவெளி, டைமிங், வாக்குவம் குழாய்.

மூன்று: காற்றுக் கசிவு. பழைய ரப்பர் குழாய்கள், கேஸ்கெட்டுகள், கிட் போட்டபோது வெட்டி ஒட்டிய இடங்கள். மாற்றம் செய்த வண்டிகளில் முக்கால்வாசித் தொல்லை ஒட்டுப் போட்ட இடத்தில்தான் இருக்கும் என்பது பெரியவரின் அனுபவம்.

நான்கு: எரிபொருள் வரத்து. டேங்க் அடி மண்டி, ஃபில்டர், பம்ப். கோடை வெயிலில், வளைவுகளில் முதல் கியரில் ஏறும் பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிப் பம்ப் இழுக்காமல் நிற்பதும் உண்டு. பம்ப் மேல் ஈரத் துணி போட்டு, ஆறிய பிறகு பிடித்துக் கொண்டால் அதுதான் காரணம்.

ஐந்து: கார்புரேட்டரும் ஜெட்டும், எரிவாயு வண்டியானால் வேப்பரைசரும். கிட்டில் வரும் வேப்பரைசர் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டில் வேலை செய்வது. தண்ணீர் குறைந்தாலோ, ஏற்காட்டு மார்கழிக் குளிரில் சூடேறுவதற்கு முன் எரிவாயுவுக்கு மாற்றினாலோ உறைந்து போகும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகே மாற்ற வேண்டும்.

ஆறு: ரேடியேட்டர் மூடி. ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்து விடும். மூடியின் ரப்பர் போயிருந்தால் வண்டி பொங்குவதில் வியப்பில்லை. சில நூறு ரூபாய் மூடிக்காக என்ஜினையே இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் புகையைப் படிக்கலாம். கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாத வெண்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

‘மாற்றம்’ யாருக்கு லாபம்?

பெட்ரோல் அம்பாசடரில் வேறு வண்டியின் டீசல் என்ஜினை ஏற்றிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசத்தில் அந்தச் செலவு திரும்பி வந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. அந்த அம்பாசடரின் தயாரிப்பே 2014-இல் நின்றது. பழைய கணக்கை வைத்துக் கொண்டு இன்றைக்கு மாற்றம் செய்த வண்டி வாங்கினால் அசலும் வராது. கிட் விலை, ஆண்டுக்கு ஓடும் கிலோமீட்டர், வால்வு வேலை, வண்டி நிற்கும் நாட்கள் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கு விதிகளின்படி வழி இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கிட் போட்டிருந்தால் பதிவுச் சான்றிலும் இன்சூரன்ஸ் பாலிசியிலும் அது ஏறியிருக்க வேண்டும். ஏறாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கும்போதுதான் விவரம் புரியும்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது வாங்குபவரை விட விற்பவருக்கு முக்கியம். பழைய வண்டியைக் கைமாற்றி விட்டு மறந்து விடும் வணிகர்கள் கவனிக்க வேண்டும்.

சரக்கு ஏற்றுவதானால் சரக்கு வண்டியாகப் பதிவானதையே வாங்குவோம். சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. எஃப்.சி. மட்டும் தவறாமல் எடுக்க வேண்டும். நாங்கள் அந்த ஆம்னியில் பின் சீட்டை மறுபடி மாட்டி வீட்டு உபயோகத்துக்கு வைத்துக் கொண்டு, சரக்குக்கு வேறு வண்டி வாங்கினோம். செலவுதான்; ஆனால் செக்போஸ்டில் தலை குனிய வேண்டியதில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஆம்னியைப் பிரித்தபோது, பின்பக்கம் வீட்டுச் சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டியதற்கான குழாய் மிச்சம் இருந்தது. எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; வண்டித் தரையில் தேங்கி நிற்கும். அந்த வண்டியில் என்ஜின் இருப்பதோ முன்சீட்டுக்குக் கீழே! வீட்டு உபயோகச் சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது குற்றம். அதைவிட, பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக் கொண்டு போகும் வண்டியில் அப்படிச் செய்வது எந்த லாபக் கணக்கிலும் சேராது. நம் உறுப்பினர்களில் யாராவது இன்னும் செய்து கொண்டிருந்தால், தயவு செய்து இன்றோடு நிறுத்துங்கள்.

மெக்கானிக் மட்டுமா குற்றவாளி?

எங்கள் வண்டியைத் தொட்ட நால்வரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலையில் வண்டியை விட்டுவிட்டு, “மதியம் லீ பஜார் போகணும், சீக்கிரம்” என்று நின்றவர்கள் நாங்கள். சோதித்துப் பார்க்கும் நேரத்துக்குக் கூலி கொடுக்க மனம் வரவில்லை. சாமான் மாற்றினால் மட்டும் பணம் கொடுத்தோம். அப்படியானால் அவர் எதைச் செய்வார்? சாமானைத்தான் மாற்றுவார். எதைப் பார்த்தார், என்ன எண் வந்தது, எதை மாற்றினார் என்று எழுதிக் கொடுக்கும் மெக்கானிக்குக் கூலி கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். அந்தச் சீட்டு நமக்குக் கொள்முதல் பில்லைப் போன்றது.

நம் சங்கம் செய்ய வேண்டியது

தனி ஒருவர் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யத்தானே சங்கம்? நாங்கள் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, ஒரு கம்ப்ரஷன் கேஜ், ஒரு டைமிங் லைட், புதிய வண்டிகளுக்கு ஒரு ஸ்கேனர் ஆகியவற்றைச் சங்கப் பணத்தில் வாங்கி வைக்கலாம். உறுப்பினர் வண்டி வாங்கும் முன் நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்து வந்து சோதிக்கட்டும். சாக்கு மூட்டைக்குக் குத்தூசி எப்படியோ, என்ஜினுக்குக் கேஜ் அப்படி.

இரண்டாவது, பழைய வண்டி வாங்கும் உறுப்பினர், முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரையும் உடன் வைத்துக் கொண்டு அடிவாரத்திலிருந்து ஒரு முறை மேலே ஏற்றிப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். ‘மலை ஏறினால் பறக்கும்’ என்று சொல்பவர், 20 வளைவுக்குக் கூடவே வந்து உட்காரட்டும். வர மறுத்தால் அதுவே போதுமான பதில்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை, கோடை விழாக் கூட்டத்துக்கு முன்பாக, உறுப்பினர் வண்டிகளுக்குச் சோதனை நாள் ஒன்றை வைக்கலாம். பிரேக், டயர், ரேடியேட்டர், புகை, பத்திரங்கள் இவ்வளவும் ஒரே நாளில் பார்த்து விடலாம்.

“மளிகைக் கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று சிலர் சிரிக்கலாம். தராசில் ஐந்து கிராம் வித்தியாசம் வந்தால் நாம் சிரிப்பதில்லை. முத்திரை போடும் அலுவலரும் சிரிப்பதில்லை. தராசு பிசகினால் காசு போகும். மலைப்பாதையில் வண்டி பிசகினால் போவது வேறு.

எங்கள் கடையில் இப்போது வண்டிக்கென்று ஒரு தனி நோட்டு இருக்கிறது. பெரியவர் விரித்து வைத்த அந்தப் பழைய நோட்டில்தான் முதல் பக்கம் தொடங்குகிறது. அவர் இன்று நம்மிடையே இல்லை. ‘11, 11, 7½’ என்று அவர் கையால் எழுதிய வரி இருக்கிறது. வண்டி வாங்க யோசனை கேட்டு வரும் இளைய வியாபாரிகளுக்கு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறோம். உறுப்பினர்கள் யார் வந்து கேட்டாலும் காட்டத் தயாராக இருக்கிறோம்.